குச்சிக் கண்ணாடி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, தண்ணீர் ஒத்துக்கொண்டது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மாமா இருமலை விட்டாரா, அல்லது இருமல் இன்னும் மாமாவை விடவில்லையா?

வேலை நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது. தினமும் காலையில் தபால் மூட்டை, மருந்துப் பெட்டி, எனக்குப் பின்னால் ஐந்து பேர். நான்கு தீவுகளுக்கும் பறந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறேன். ஃபோன் இங்கே காற்றோடு சேர்ந்து வருகிறது, காற்றோடு சேர்ந்து போகிறது. அதனால் இனி கடிதம்தான். தபால் மூட்டையை ஓட்டிப்போகிறவனே நான் என்பதால் என் கடிதம் தொலையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் விமானத்தில் ஏறி உட்கார்ந்தேன். பழசு, ஆனால் கட்டுக்குலையாதது. கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள், இது பறக்கத் தகுதியானது என்று சொல்லும் சான்றிதழ் தொங்கியது. தேதியைப் பார்த்தேன். அதற்குக் கீழே கையெழுத்தைப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி ஒரு கோடு, அதன் மேல் கோபமாகக் குத்திய ஒரு புள்ளி. இந்த உலகத்தில் அப்படிக் கையெழுத்துப் போடுகிறவள் ஒருத்திதான். நீ டிசம்பரில் பார்த்துக் கொடுத்த விமானத்தைத்தான் எங்கள் முதலாளியம்மா ஜனவரியில் வாங்கியிருக்கிறார்!

ஏறுகிற இறங்குகிற எல்லாரிடமும் காட்டிவிட்டேன். இங்கே உள்ள மெக்கானிக் அண்ணன் உன்னைக் கேள்விப்பட்டிருக்கிறார். "அந்தம்மா உங்க அக்காவா? அவங்க போட்ட கையெழுத்துன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு ஏறி உக்காருவேன்" என்றார். எனக்கு அரையடி உயரம் கூடிவிட்டது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். அவளுக்குத் தீவுப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. மாத்திரையை வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி


பிப்ரவரி 14

என் அவசரக்குடுக்கைத் தம்பிக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. மாமாவின் இருமல் நின்று மூன்று நாள் ஆகிறது. வீடு அமைதியாக இருப்பது அவருக்கே பிடிக்கவில்லை போல, இப்போது பாட ஆரம்பித்திருக்கிறார்.

என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்கிறாய். சரி. ஆனால் அந்தக் கோழி கிளறாமல் ஒரு மூலை விடாது என்று மெக்கானிக் அண்ணனிடம் சொல். அந்த விமானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாலு நாள் அதற்குள்ளேயே குடியிருந்தேன். விற்க அவசரப்பட்ட பழைய உரிமையாளர், "மேடம், சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போட்டுடுங்க" என்றார். "பாக்கறதுக்குத்தான் வந்திருக்கேன், போடறதுக்கு இல்ல" என்றேன். ஆறு குறை கண்டுபிடித்தேன். ஆறையும் சரிசெய்ய வைத்த பிறகுதான் பேனாவின் மூடியைத் திறந்தேன். நீ தைரியமாக ஓட்டலாம்.

ஆனால் ஊர் முழுக்க "எங்க அக்கா விமான ஆணையத்துல பெரிய அதிகாரி" என்று அளந்துகொண்டு திரியாதே. நான் அதிகாரி இல்லை. ஆணையத்தில் ஆள் பத்தாது. அதனால் என்னைப் போல வெளியாட்கள் சிலரைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி, ஒரு முத்திரையும் ஒரு எண்ணும் கொடுத்து, "நீங்கள் போட்டால் நாங்கள் போட்ட மாதிரி" என்று அனுப்பியிருக்கிறார்கள். நாற்காலி கிடையாது. என் பெயர்தான் என் கடை. பெயர் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. தம்பி ஓட்டுகிற விமானத்துக்கு அக்கா கையெழுத்துப் போடக் கூடாது என்பது விதி. நான் போட்டபோது நீ அங்கே இல்லை, அதனால் இது செல்லும். அடுத்த வருஷம் வேறு ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அதற்குள் காட்ட வேண்டியவர்களிடம் காட்டி முடித்துவிடு.

திட்டாமல் இரு, ஒன்று சொல்கிறேன். நீ பயிற்சிப் பள்ளியில் இருந்தபோது எனக்கு வாங்கித் தந்தாயே குச்சிக் கண்ணாடி, பல் டாக்டர் வைத்திருப்பது போல, நீட்டினால் ஒரு முழம் நீளுமே, அதைத் தொலைத்துவிட்டேன். குளிர்காலத்தில் பேருந்தில் விட்டிருப்பேன். பட்டறையில் எனக்கு வைத்த பெயரை, "துருவி" என்று, பிடியில் ஆணியால் கீறிக் கொடுத்திருந்தாய். கிடைத்தவன் என்ன நினைத்தானோ.

கடல் காற்றில் காதை மூடிக்கொண்டு போ. சின்ன வயதிலிருந்து உனக்குக் காதுதான் முதலில் கெடும். உன் வீட்டுக்காரியை, என் தங்கச்சியை, கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

காது இரண்டும் வேலை செய்கின்றன. எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்பதைக் கீழே படி.

கண்ணாடி போனால் போகிறது, விடு. அதை வாங்கக் கடை கடையாக நான் அலைந்ததை நினைத்து மட்டும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டேன்.

வாரம் ஆறு நாள் பறக்கிறேன். இங்கே மேகம் சொல்லிக்கொண்டு வராது. மூன்றாவது தீவில் ஓடுபாதை என்பது ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம், எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கின்றன. ஒரு முறை தலைக்கு மேல் சுற்றி விரட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். போன வாரம் பள்ளிக்கூட வேலையாக அவளும் என்னோடு வந்தாள். இறங்கியதும், "நீங்க வீட்ல பேசறதைவிட மேலே ஒழுங்கா இருக்கீங்க" என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இறங்கும்போது இஞ்சின் சத்தம் குறையும் இல்லையா, அப்போது பின்னால் வால் பக்கமிருந்து மணி அடித்தாற்போல ஒரு சத்தம் கேட்கிறது. 'டிங்' என்று ஒன்று, சில நாள் இரண்டு. மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். சீட் பெல்ட் கொக்கி இடித்துக்கொள்கிறது என்று சொல்லி, அத்தனை பெல்ட்டையும் இழுத்துக் கட்டினார். மறுநாளும் அடித்தது. இறங்கும் நேரம் வந்துவிட்டது என்று விமானமே எனக்கு மணி அடித்துச் சொல்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் இரண்டு பேர் உடம்பும் எப்படி? மாமா என்ன பாட்டுப் பாடுகிறார்?

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதுகிறேன். மாமா பாடுவது என்ன பாட்டு என்று எங்களுக்கும் தெரியவில்லை.

மணி அடிக்கிறதாம், நினைத்துக்கொள்கிறாராம்! விமானம் உனக்கு மணி அடிக்க அது என்ன பள்ளிக்கூடமா? சத்தம் கேட்டால் லாக் புத்தகத்தில் எழுது. தேதி, நேரம், எங்கே, எப்போது. வாயால் சொன்னது காற்றில் போகும். எழுதிவிட்டால் யாராவது ஒருவன் அதற்குக் கீழே 'சரி செய்தேன்' என்று எழுதியே ஆக வேண்டும். அதுவரைக்கும் அது அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

என் வேலையில் பாதி விமானத்தைப் பார்ப்பது, மீதி பாதி அந்தப் புத்தகத்தைப் படிப்பது. எழுதியிருப்பதை எவனும் படிக்கலாம். எழுதாமல் விட்டதைப் படிக்கத்தான் எனக்கு முத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் ஒரு விமானம் பார்த்தேன். ஐந்து பக்கத்துக்குத் தொடர்ந்து 'பிரேக் இடதுபுறம் இழுக்கிறது' என்று இருந்தது. ஆறாவது பக்கத்தில் இல்லை. சரிசெய்தோம் என்ற வரியும் இல்லை. குறை வந்தது பதிவாகி இருக்கிறது, குறை போனது பதிவாகவில்லை. குறை தானாகக் காலாற நடந்து போகாது என்று சொல்லி, மூடிய பேனாவோடு திரும்பி வந்துவிட்டேன். பிறகு தெரிந்தது, ஒரு சக்கரம் உடைந்து அதை ஊருக்குத் தெரியாமல் மாற்றியிருக்கிறார்கள்.

நான் பார்த்த விமானத்தில் கெட்டது எதுவும் இருக்காது, அது எனக்கு நிச்சயம். மூடி போடும் முன்னால் மெக்கானிக்குகளின் கருவிகளை ஒன்று விடாமல் வெளியே பரப்பி நானே எண்ணுவேன். அதற்காகவே என்னைக் கண்டால் பட்டறையில் பாதிப்பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். எதற்கும் நூறு மணி நேரம் பறந்த பிறகு செய்யும் பரிசோதனையில் வால் மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பார்.

காதுக்குப் பஞ்சு வை. தங்கச்சிக்கு என் அன்பு.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை அதிகம். உடம்பு நன்றாக இருக்கிறது. உன் ஜலதோஷம் போய்விட்டதா?

இத்துடன் ஒரு சின்னப் பார்சல் வைத்திருக்கிறேன். புதுக் குச்சிக் கண்ணாடி. சும்மாதான் வாங்கினேன். பழையதைவிட இரண்டு விரற்கடை நீளம் அதிகம். அந்தப் பழையதைப் பற்றி இனி நினைக்காதே. தொலைந்ததை வேறு யாரிடமும் சொல்லவில்லையே? பேருந்தில் தொலைந்தது பேருந்தோடு போகட்டும்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ஆடுகள் ஓடுபாதையில் இரண்டு குட்டி போட்டிருக்கின்றன. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

பார்சலைப் பிரித்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. மாமா இதை ஒரு சாதனை என்று காலண்டரில் குறித்துவைத்திருக்கிறார். ஜலதோஷம் போயே போய்விட்டது.

கண்ணாடி அருமையாக இருக்கிறது. ஆனால் இதில் பெயர் இல்லையே. 'துருவி' என்று கீறாமல் நீ எனக்கு ஒரு ஸ்க்ரூகூடத் தந்ததில்லையே! ஆணி கிடைக்கவில்லையா?

சரி, மணிச் சத்தம் என்ன ஆயிற்று? நூறு மணி நேரப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டுமே. நீ எதுவும் எழுதவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றோடு மேலே போகாதே.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த மாதம் எழுத நிறைய இருக்கிறது. முதலாளியம்மா அலுவலகத்துக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார். உள்ளே போனால் வெண்டைக்காய்க்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இரண்டாவது தீவின் டாக்டர் விமானத்தில் ஏறியதும் தூங்குகிறார், இறங்கியதும் "அதுக்குள்ளயா?" என்கிறார். போன வாரம் ஒரு பாட்டியம்மா ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லி என்னோடு சண்டை போட்டார். வீட்டில் கூரை ஒழுகியது, நானே ஏறி அடைத்தேன், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. அவள் கணக்கு எடுக்கிற வகுப்பில் ஒரு பெண், விமானம் ஏன் இறக்கையை அடிப்பதில்லை என்று கேட்டாளாம். என்னிடம் பதில் கேட்டு வந்தாள். அதற்குச் சோம்பேறித்தனம் என்று சொல்லி அனுப்பினேன்.

விமானம் நன்றாக ஓடுகிறது. கவலைப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மே 13

தம்பி,

உடம்பு எப்படி என்று கேட்க இன்றைக்கு நேரமில்லை. நீ உயிரோடு இருப்பதை முதலாளியம்மாவிடம் ஃபோனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இது கடிதத்தில் மட்டும் சொல்லும் விஷயம் இல்லை. உனக்கு ஃபோன் போகவில்லை, அதனால் அவருக்கே சொல்லிவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது விமானம் தரையில் நின்றுகொண்டிருக்கும். ஏன் என்று என் வாயால் கேள்.

உன் கடிதங்களைத் தேதி வாரியாக மேஜையில் அடுக்கினேன், லாக் புத்தகத்தைப் பார்ப்பது போல. மார்ச் இரண்டாம் தேதி சத்தம் இருக்கிறது. ஏப்ரலில் சத்தம் இல்லை. நான் கேட்ட பிறகும் மே மாதம் இல்லை, வெண்டைக்காய் இருக்கிறது. வாயாடியான நீ, உன் மணியை எப்படிக் கண்டுபிடித்து நிறுத்தினார்கள் என்று இரண்டு பக்கத்துக்கு அளந்திருக்க வேண்டும். குறை வந்தது பதிவாகி இருக்கிறது, குறை போனது பதிவாகவில்லை. நடுவில் கேட்காமலே ஒரு கண்ணாடி வருகிறது. அதில் பெயர் இல்லை. தொலைந்ததை யாரிடமும் சொல்லாதே என்று ஒரு வரி வருகிறது.

அப்புறம் நான் என்னையே துருவினேன். டிசம்பர், மூன்றாம் நாள் மதியம். வாலுக்குள் தலையை விட்டு ஒரு போல்ட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன் என்று யாரோ கூப்பிட்டார்கள். கண்ணாடியைக் குறுக்குச் சட்டத்தின் மேல் வைத்தேன். அது எனக்கு இப்போது கண் முன்னால் தெரிகிறது. திரும்பி வந்தேன். கருவிகளை எண்ணினேன். இருபத்தாறும் இருந்தன. மூடச் சொன்னேன். இருபத்தாறும் அவர்களுடையவை. என் பையை யாரும் எண்ணவில்லை. இருபது வருஷமாக யாரும் எண்ணியதில்லை. எண்ணுகிறவள் நானாயிற்றே.

நீயும் மெக்கானிக்கும் அதை எடுத்து மறைத்துவிட்டீர்கள். என் பெயரைக் காப்பாற்றத்தான், தெரியும். ஆனால் அங்கேதான் வாலை மேலும் கீழும் அசைக்கிற கேபிள் ஓடுகிறது. இரும்புப் பிடி மூன்று மாதம் அதன் பக்கத்தில் கிடந்து உருண்டிருக்கிறது. நீங்கள் அவசரமாக மூடினீர்களே, கேபிளைத் துணியால் துடைத்துப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எழுதியிருப்பீர்கள். எழுதினால் ஏன் என்று எழுத வேண்டும். அதனால் பார்க்கவில்லை.

ஆணையத்துக்கும் எழுதிவிட்டேன். என் முத்திரை எண், தேதி, நான் விட்டது, எல்லாம். உன் பங்கை நீயே எழுது.

புதுக் கண்ணாடியைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு வேண்டாம்.

அக்கா


மே 17

அக்கா,

நான் நலமாக இல்லை.

உனக்கு என்ன பைத்தியமா? ஆம், மார்ச் இருபத்தெட்டாம் தேதி வாலைத் திறந்தோம். மெக்கானிக் அண்ணன் கையை விட்டு எடுத்து என்னிடம் நீட்டினார். 'துருவி' என்று என் கையால் கீறியது.  அவர் புத்தகத்தை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, எழுதினா அக்கா முத்திரை போயிடும். இருபது வருஷம் அவங்க கட்டினது" என்று கெஞ்சினேன். அவர் புத்தகத்தைக் கீழே வைத்தார். அப்புறம், "நான் ஒண்ணும் பாக்கல" என்று மூடினார். அன்றைக்கு நான் உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஒன்றரை மாதம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ எதற்கு நீயே போய்க் கழுத்தை நீட்டினாய்? என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? உன் பெயரை நான் பொத்திப் பொத்தி வைத்தேன், நீ நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டாய். மாமா உன்னைத் தடுக்கவே இல்லையா?

இது வரைக்கும் காலையில் எழுதியது. கிழித்துப்போடலாம் என்று எடுத்தேன். வேண்டாம், நீ இதையும் படிக்க வேண்டும்.

பதினொரு மணிக்கு முதலாளியம்மா முன்னால் வாலைத் திறந்தோம். மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய பருத்தித் துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். வழுக்கிக்கொண்டே போனது. நான் உன்னைத் திட்டத் தயாராக இருந்தேன். கேபிள் வளைந்து ஓடும் உருளைக்குப் பக்கத்தில் துணி மாட்டியது. இழுத்தால் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தோம். கேபிளில் பதினோரு இழை அறுந்து முள் முள்ளாக நின்றது. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?" என்று முதலாளியம்மா கேட்டார். 

ஒன்றரை மாதம் அந்தக் கேபிளில் தொங்கிக்கொண்டு டாக்டர் தூங்கியிருக்கிறார். அவள் மூன்று முறை வந்திருக்கிறாள். உன் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நான் ஓட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் பங்கை எழுதிவிட்டேன். இரண்டு பக்கம்.

உன் தம்பி


ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் நம்பு. நீ சாப்பிடுவதில்லை என்று தங்கச்சி எழுதியிருக்கிறாள். இந்தக் கடிதத்தைப் படிக்கும் முன்னால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா.

ஆணையத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் என் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும் தானா வந்து இப்படி எழுதிக் கொடுத்ததில்லம்மா. எந்தப் படிவத்துல சேக்கறதுன்னே தெரியல" என்றார். "புதுசா ஒண்ணு அச்சடிங்க சார்" என்றேன். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதத்துக்கு முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மறைத்திருந்து பிறகு தெரிந்திருந்தால் ஆயுளுக்கும் போயிருக்கும் என்றார்கள். உனக்கு ஒரு மாதம் தரைதான், பறக்கக் கூடாது என்று கேள்விப்பட்டேன். மெக்கானிக்குக்கு எச்சரிக்கையோடு விட்டார்களாம்.

முத்திரையை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தபோதும் நிமிர்ந்துதான் வந்தேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா என்ன ஏது என்று கேட்காமல் கைக்குட்டையைக் கொடுத்தார். முத்திரைக்காக அழவில்லை. அந்தத் துணி மாட்டிய இடத்துக்காக அழுதேன்.

நீ வெட்கப்பட்டது போதும். விட்டது நான், மறைத்தது நீ. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தப்பைப் பங்கு போட்டுக்கொண்டோம், சின்ன வயதில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்ட மாதிரி. இப்போது எழுதிக் கொடுத்தாயிற்று.

பட்டறையில் ஒரு புது ஏற்பாடு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இனி ஆய்வாளர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவர் பையை மெக்கானிக் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். டீ குடிக்கப் போகிறவர்களெல்லாம் கைதட்டினார்கள். எனக்கு எதிராக ஒரு விதி என்றதும் என்ன சந்தோஷம் பாவிகளுக்கு!

வீட்டில் சும்மா இருக்கிறேன். மாமாவின் பாட்டை முழுதாகக் கேட்கிற தண்டனைதான் பெரிது. உடம்பைக் கவனி.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஒரு கிலோ ஏறியிருக்கிறேன் என்று அவள் சொல்கிறாள். உன் முதுகு? மாமாவின் பாட்டு?

கேபிளை மாற்றினார்கள். வேறொரு ஆய்வாளர் வந்து இரண்டு நாள் இருந்து பார்த்துப் புதுச் சான்றிதழ் கொடுத்தார். உறைக்குள் இப்போது அவர் கையெழுத்துத் தொங்குகிறது. முத்து முத்தாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வந்ததும் மெக்கானிக் அண்ணன், "சார், பையைத் திறங்க, எண்ணணும்" என்றார். அவர் முறைத்தார். "இது துருவியம்மா விதி" என்றார் அண்ணன். திறந்தார்.

நான் மறுபடி பறக்கத் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. முதல் நாள் ஏறும் முன்னால் லாக் புத்தகத்தில், மார்ச் மாதத்துக்காக, தாமதமாக என்று குறித்து நானே எழுதினேன்: 'வால் பகுதியில் சத்தம். காரணம், உள்ளே விடப்பட்ட ஒரு குச்சிக் கண்ணாடி. கண்டெடுத்தது மார்ச் 28. பதிவு செய்யாமல் மறைத்தது விமானி. கேபிள் மாற்றப்பட்டது மே 25.' கீழே என் கையெழுத்து. அண்ணன் அதற்குக் கீழே அவருடையதைப் போட்டார். டாக்டர் எட்டிப் பார்த்து முழுதும் படித்தார். ஏற மாட்டார் என்று நினைத்தேன். "இனிமே இந்த ஃப்ளைட்ல நிம்மதியாத் தூங்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார்.

பார்சல் ஒன்று அனுப்புகிறேன். நீ திருப்பி அனுப்பிய அதே கண்ணாடிதான். பிடியைப் பார். இந்தத் தடவை ஆணி கிடைத்தது.

உன் தம்பி


செப்டம்பர் 24

என் அவசரக்குடுக்கைத் தம்பிக்கு,

முதுகு நேராகிவிட்டது. முத்திரை திரும்பி வந்த நாளிலிருந்து வலியே இல்லை என்கிறேன், டாக்டர் நம்பவில்லை. மாமா பாட்டை நிறுத்திவிட்டார். இருமல் திரும்பிவிட்டது, மருந்து கொடுத்திருக்கிறேன், கவலை இல்லை.

நேற்றுத்தான் மறுபடி முதல் விமானத்தைப் பார்த்தேன். கொட்டகை வாசலிலேயே மெக்கானிக் என் பையைத் தரையில் கவிழ்த்தார். டார்ச், பூதக்கண்ணாடி, அளவுகோல், பேனா இரண்டு, சாக்பீஸ், கத்தி, துணி, குச்சிக் கண்ணாடி. "ஒம்பது" என்றார். "கண்ணாடியில ஏதோ கீறியிருக்கு மேடம், பழசு போல" என்றார். "புதுசு. என் தம்பி கீறினான்" என்றேன். மாலையில் வெளியே வந்தபோது மறுபடி கவிழ்த்தார். ஒன்பது. கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் நான் போட்டேன். கோடு அதே கோழிதான். புள்ளியைக் கொஞ்சம் மெதுவாக வைத்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் உன் கடிதங்களை மறுபடி தேதி வாரியாக அடுக்கிப் படித்தேன். தங்கச்சியிடம் சொல், காதுக்குப் பஞ்சு வைக்கவில்லையென்றால் எனக்கு எழுதச் சொல்.

நீ ஓட்டுகிற விமானத்துக்கு நான் கையெழுத்துப் போடக் கூடாது. உன் கடிதங்களுக்குப் போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பார்த்தேன். குறை வந்தது பதிவாகி இருக்கிறது, குறை போனதும் பதிவாகி இருக்கிறது. பறக்கலாம்.

அக்கா